சிவப்பு மை விழுந்தால் கண் போச்சா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். கண் மருத்துவம் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், மைனஸ் 7 பவர் கண்ணாடியும் புள்ளியியல் தாளில் வாங்கிய 81 மார்க்கும்தான் :-)

போன வருடம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரையில் பரவியிருக்கும் நரம்பிழை அடுக்கின் தடிமனை ஒளியை வைத்தே மைக்ரான் கணக்கில் அளக்கிற கருவி. 1991-ல் வந்த அருமையான கண்டுபிடிப்பு, அதோடு எனக்குச் சண்டை இல்லை. வந்த தாளில் இரண்டு இடத்தில் சிவப்பு. பார்த்தவர் இரண்டே நிமிடத்தில், "கிளாக்கோமா ஆரம்பம், ஆயுசுக்கும் சொட்டு மருந்து போடணும்" என்றார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

சரி, சிவப்பு என்றால் என்ன? நோய் என்று அர்த்தம் இல்லை. ஆரோக்கியமான ஒரு கூட்டத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். அதில் மிக மெலிந்த 1 சதவீதத்துக்குள் விழுந்தால் சிவப்பு, அடுத்த 4 சதவீதம் மஞ்சள். அதாவது நோயே இல்லாத 100 பேரை நிறுத்தினாலும் சுமார் 5 பேருக்குக் கலர் மாறும்! அதுவும் ஒரே ஒரு அளவுக்கு. கடிகாரம் போல 12 துண்டாகப் பிரித்துப் பார்த்தால் எங்காவது ஒரு துண்டில் கலர் மாறும் வாய்ப்பு இன்னும் கூடும். இது மருத்துவம்கூட இல்லை, இரண்டாம் வருடப் புள்ளியியல்.

அந்தக் கூட்டத்தில் யார் யார்? பரவலாகப் பயன்படும் சிர்ரஸ் கருவியின் ஒப்பீட்டுத் தொகுப்பில் இருந்தது 284 பேர். அதில் இந்தியர்கள் 1 சதவீதம். கூட்டிக் கழித்தால் மூன்று பேர்! இந்த சாம்பிளை வைத்துக் கணக்குத் தணிக்கை செய்தேன் என்றால் எங்கள் ஆடிட்டிங் சார் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்.

தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். 2007-ல் வெளியான ஒரு ஆய்வின்படி, 10 வயது கூடினால் சராசரியாக 2 மைக்ரான் குறைகிறது. கண் 1 மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் 2.2 மைக்ரான் குறைவு. பார்வை நரம்பு வட்டு பெரிதாக இருந்தால் தடிமன் கூடுகிறது. இனத்துக்கு இனமும் வித்தியாசம் உண்டு. கண்புரையால் சிக்னல் மங்கினால் இல்லாத மெலிவும் தெரியும்.

கிட்டப்பார்வைக்காரர்களின் கண் நீளமானது. நரம்பிழைகள் தடித்திருக்கும் இடமும் காது பக்கமாக நகர்ந்திருக்கும். கருவி வழக்கமான இடத்தில் தேடிவிட்டு 'காணோம்' என்று சிவப்பு மை அடிக்கிறது. வயதுக்குத் திருத்தம் செய்கிற பல கருவிகள் கண்ணின் நீளத்துக்குச் செய்வதில்லை. கண் மருத்துவர்களே இதற்கு 'சிவப்பு நோய்' என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'பச்சை நோய்'கூட உண்டு. நிஜமாகவே நோய் தொடங்கியிருக்கும், தாள் பச்சையாகச் சிரிக்கும். இது இன்னும் ஆபத்து.

"கிளாக்கோமா சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும், பயமுறுத்தினால் என்ன தப்பு?" என்பார்கள். முதல் பாதி நூற்றுக்கு நூறு உண்மை. சென்னை கிளாக்கோமா ஆய்வில் நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது. அதனால்தான் பரிசோதனை ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன். தவறாகப் பயந்தவர் அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையையும் நம்பமாட்டார்.

நான் வேறொரு டாக்டரிடம் போனேன். கண் அழுத்தம், கார்னியா தடிமன், பார்வைப் புலம் எல்லாம் பார்த்தார், நரம்பையும் நேரில் பார்த்தார். "இது உன் கண்ணோட அமைப்பும்மா. ஆனா அலட்சியம் வேண்டாம், வருஷா வருஷம் வந்து இதே தாளோட ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்றார். மூன்று பேரோடு ஒப்பிடுவதைவிட என்னை என்னோடு ஒப்பிடுவது நியாயம்தானே!

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது டாக்டரிடம் கேளுங்கள். என் கோரிக்கை ரொம்பச் சின்னது. அந்தத் தாளில் என் கண்ணின் நீளத்தையும், யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து அச்சடியுங்கள். கலர் மையை மட்டும் காட்டி ஒரு அம்மாவைப் பட்டினி போடாதீர்கள்.