செயலிக்குப் பின்னால் இருக்கும் முதலாளி

ஒருவர் பிறரிடம் ஊதியத்திற்கு உழைக்கும் ஊழியரா, தம் சொந்தப் பொறுப்பில் ஒரு பணியை முடித்துக் கொடுக்கும் சுயேச்சை ஒப்பந்ததாரரா என்பதைப் பொறுத்தே குறைந்தபட்ச ஊதியமும் பணிக்கொடையும் பணிநீக்கத்திற்கு எதிரான பாதுகாப்பும் அவருக்கு உண்டா இல்லையா என்பது முடிவாகிறது. உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் செயலி நிறுவனங்களோடு பிறந்த புதுச் சிக்கலாக இது பேசப்பட்டாலும், இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு விடை காணத் தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன.

சாகுபுரத்தில் ஆலை நடத்தும் டி.சி.டபிள்யூ. நிறுவனம் தாராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற பழைய பெயரில் சௌராஷ்டிரத்தில் நடத்திய உப்பளங்களில், அகாரியாக்கள் எனப்படும் உப்புத் தொழிலாளர்கள் வேலை நேரக் கட்டுப்பாடின்றிக் குடும்பத்தோடு உழைத்தனர். தேவைப்பட்டால் தாமே ஆள் வைத்துக்கொண்டனர். விளைந்த உப்பின் எடைக்கேற்பவே பணம் பெற்றனர். எனவே அவர்கள் ஒப்பந்ததாரர்களே என்று நிறுவனம் வாதிட்டது. பாத்தி அமைப்பது தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தின் மேற்பார்வை இருந்ததையும், அவர்கள் தம் உடலுழைப்பையே தந்ததையும் சுட்டி, அவர்கள் தொழிலாளர்களே என்று நீதிபதி என்.எச். பகவதி 1956இல் தீர்ப்பளித்தார். கோழிக்கோட்டுக் கயிற்றாலை வழக்கில் 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் முன்னே சென்று, இடையில் எத்தனை ஒப்பந்ததாரர் நின்றாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு நடக்கிறதோ, யார் கைவிட்டால் தொழிலாளியின் பிழைப்பு நின்றுபோகுமோ அவரே முதலாளி என்றார்.

இந்த அளவுகோல்களை இன்றைய செயலி வேலைக்குப் பொருத்தினால் விடை எளிது. எப்போது வேலைக்கு வருவது என்பது தொழிலாளியின் விருப்பம்தான். அது அகாரியாக்களுக்கும் இருந்தது. ஆனால் கட்டணம், வழங்கும் ஆர்டர், மதிப்பீட்டுப் புள்ளி, கணக்கை முடக்கும் அதிகாரம் ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஏறத்தாழ இதே காரணங்களால்தான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் விடுப்பும் உண்டு என்று தீர்ப்பளித்தது.

இந்திய நாடாளுமன்றமோ எதிர்த்திசையில் சென்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, கிக் தொழிலாளரை வழக்கமான முதலாளி–ஊழியர் உறவுக்கு வெளியே பொருளீட்டுபவர் என்றே வரையறுக்கிறது. நீதிமன்றம் சான்றுகளை ஆராய்ந்து சொல்ல வேண்டிய முடிவு இங்கே வரையறையிலேயே எழுதப்பட்டுவிட்டது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை, தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் காப்பீடு தரும் நிதி நாள் வருமானத்திற்கு அடித்தளம் இடுவதில்லை. முடக்கப்பட்ட கணக்கை மீட்டுத் தருவதுமில்லை. நல நிதி உரிமைக்கு ஈடாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய நெறிமுறை வேறு வழியைக் காட்டுகிறது. கட்டுப்பாட்டுக்கான அறிகுறிகள் தென்பட்டால் உறவு பணியுறவு என்றே முதலில் கொள்ளப்படும். அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். ஆர்டர்களைப் பகிரும் நிரல்முறையும் அதன் பதிவுகளும் நிறுவனத்திடமே இருக்க, சான்று கொண்டுவா என்று தொழிலாளியைக் கேட்பது நியாயமாகாது என்பதால், தொகுப்புச் சட்டத்தைத் திருத்தும்போது இந்திய நாடாளுமன்றம் முதலில் கைவைக்க வேண்டியது அந்த வரையறையில்தான்.