கட்டடமே கட்டாமல் மெடல்! ஆர்க்கிடெக்சர் பிஎச்.டி.க்கு எதற்கு விருது?

ஆர்க்கிடெக்சரில் விருது என்றாலே கண்முன் வருவது கட்டடம்தான். 2018-ல் பி.வி.தோஷிக்கு பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோதும் எல்லாரும் பேசியது பெங்களூரு ஐஐஎம், இந்தூர் அரண்யா குடியிருப்பு பற்றித்தான். அதே துறையில் நாலைந்து வருடம் உட்கார்ந்து பிஎச்.டி. முடிப்பவரிடம் காட்ட என்ன இருக்கிறது? தடியாக ஒரு ஆய்வேடு. அதோடு செல்ஃபி எடுத்துப் போட்டால்கூட லைக் விழாது.

ஆனால், அப்படி ஒரு ஆய்வேட்டின் வாரிசு ஐ.டி. ஊழியர்களின் லேப்டாப்பில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதியவர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர். கேம்பிரிட்ஜில் கணிதமும் கட்டடக்கலையும் படித்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் கட்டடக்கலையில் கொடுத்த முதல் பிஎச்.டி. இவருடையது. 1964-ல் 'நோட்ஸ் ஆன் தி சிந்தஸிஸ் ஆஃப் ஃபார்ம்' என்ற புத்தகமாக வந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்ட பெரிய உதாரணம் நியூயார்க்கோ பாஸ்டனோ இல்லை, 600 பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமம். குஜராத் கிராமம் ஒன்றில் தங்கிப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது.

ஊருக்கு என்னென்ன தேவை என்று லிஸ்ட் போட்டார். மொத்தம் 141. தீண்டாமை, இறந்தவர்களுக்கான இறுதிக் காரியம், வாசல் தெற்குப் பார்த்து இருக்கக் கூடாது என்ற நம்பிக்கை, மாடு, தண்ணீர் எல்லாம் ஒரே பட்டியலில். ஒன்றில் கைவைத்தால் வேறு எதெல்லாம் ஆட்டம் காணும் என்று குறித்தார். பிறகு, எவற்றைச் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் வைத்துப் பிரித்தார். இதெல்லாம் 1960-களின் தொடக்கத்தில்!

சாதியை ஒரு நம்பராக்கிக் கணக்குப் போடலாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அலெக்ஸாண்டரே 1971 பதிப்பின் முன்னுரையில், தன் 'மெத்தட்'டைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களிடமிருந்து விலகிக்கொண்டார். அதில் உருப்படியான விஷயம் சின்னச் சின்ன வரைபடங்கள்தான் என்றார். அந்த யோசனை வளர்ந்து, சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1977-ல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்வேஜ்' ஆனது. அதில் 253 பேட்டர்ன்கள். புரோகிராமர்கள் அதை அப்படியே சாஃப்ட்வேர் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். 1994-ல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே அலெக்ஸாண்டர் பெயர் வருகிறது. இன்டர்வியூவில் "சிங்கிள்டன்னா என்ன?" என்று கேட்டு வியர்க்க வைக்கிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான்.

விருது? அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் அமைப்பு ஆராய்ச்சிக்கான தன் முதல் மெடலை அவருக்கு 1972-ல் கொடுத்தது. புத்தகம் வந்து 8 வருடம் கழித்து! பிரிட்ஸ்கர், 2022-ல் அவர் இறக்கும்வரை கிடைக்கவே இல்லை.

ஆய்வேட்டின் பலன் எப்போது, எங்கே முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முளைத்த பிறகு மெடல் தருவது சுலபம். வேலை நடக்கும்போதே கைகொடுப்பதுதான் கஷ்டம், அதுதான் உபயோகமும். சிகாகோவின் கிரஹாம் ஃபவுண்டேஷன் 1996 முதல் தரும் கார்ட்டர் மேனி விருது இந்த வகை. பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டத்தில் ஒன்று, எழுதும் கட்டத்தில் ஒன்று. ஆனால் அமெரிக்கா, கனடாவில் படிப்பவர்களுக்கு மட்டும்தான்.

இந்தியாவில்? ஐஐடி, என்ஐடி-க்களில் முழுநேர ஆய்வாளருக்கு முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. 2023-ல் உயர்த்திய தொகை இது. வாடகை, சாப்பாட்டுக்குச் சரி. காரைக்குடி பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டை முழுதாக அளக்கப் போனால்? பயணம், தங்கல், உதவிக்கு 2 பேர், பரம்பரையில் பங்குள்ள ஒவ்வொருவரிடமும் அனுமதி. பலர் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக இதைச் செய்கிறார்கள். அடுத்த லீவுக்குப் போவதற்குள் அந்த வீட்டுத் தேக்குத் தூண் பழம்பொருள் கடைக்குப் போயிருக்கலாம். அப்புறம் அந்த வீட்டுக்கு மிஞ்சுவது இவர் போட்ட டிராயிங் மட்டும்.

அந்த டிராயிங்கைச் சாதனையாக எண்ண வேண்டும். ஜர்னலில் எத்தனை பேப்பர் வந்தது என்று எண்ணுவதைவிட இது மேல். விருது தரும் கல்லூரிகளும் அமைப்புகளும் பொன்னாடை, ஷீல்டு செலவைக் குறைத்து, ஆய்வின் இரண்டாம் வருடத்திலேயே அளவெடுக்கப் பணம் கொடுக்கலாம். பதிலுக்கு ஒரே ஒரு கண்டிஷன் போதும்: ஆய்வேடு 'சோத்கங்கா'வில் பிடிஎஃப்பாக ஏறும்போது, டிராயிங்கும் தமிழில் பத்துப் பக்கக் குறிப்பும் அந்த வீட்டுக்காரர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.