அறிவியல் பக்கம்: ஆய்வுக்கூடத்துத் துபாஷி

சென்ற ஞாயிறு நம் சங்கக் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்தவர். தந்தையார் வடார்க்காட்டிலிருந்து வந்து இங்குக் குடியேறியவர். இந்நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒப்பந்த முறையில் பொறியாளராகப் பணியாற்றுகிறார்.

“ஐயா, வெற்றிடமானி ஒன்றைக் கணிப்பொறியோடு இணைக்க வேண்டும். திறமூல இயக்கிகள் இரண்டு கிடைக்கின்றன. நானே ஒன்றை எழுதிவிடவும் முடியும். எதைத் தெரிந்தெடுப்பது? ஒரு வாரத்திற்குள் மேலதிகாரிக்கு விடை சொல்ல வேண்டும்” என்றார். அவருக்கு நான் கூறியவற்றை வாசகர்களுக்கும் கூறுதல் நலம் எனத் தோன்றியது. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய தொழிலில் இருக்கின்றனர் அல்லவா?

இயக்கி என்பது யாது? நாம் முதன்முதலாக இவ்வூர்ச் சந்தைக்குச் சென்ற நாளை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். கடைக்காரருக்குக் கன்னடம், நமக்குத் தமிழ். இரண்டும் அறிந்த அண்டைவீட்டார் ஒருவர் இடையில் நின்று பேசினார். அவர் சொன்னதே விலை. அவர் தவறாகச் சொன்னால் நட்டம் நம்முடையது. வெற்றிடமானியும் தனக்கென ஒரு மொழியில் பேசுகிறது. கணிப்பொறி அதனை அறியாது. இடைநின்று பேசும் துபாஷியே இயக்கி.

இத்துபாஷியின் சொல் எத்துணை முக்கியமானது என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. நம் பேட்டையை அடுத்த கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவியிருக்கிறது. பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டேயில் அமர்ந்துகொண்டு, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே அதனை இயக்குகின்றனர். அருகில் சென்று பார்க்க இயலாத இடத்தில், திரையில் தோன்றும் எண்ணே கண்ணாகும்.

இத்தகைய பணிகளுக்கெனத் திறமூலக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சில உலகெங்கும் வழங்குகின்றன. எபிக்ஸ் என்பது 1980களின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வகங்களின் கூட்டுறவில் உருவாயிற்று. டாங்கோ என்பது பிரான்சில் கிரெனோபிள் நகரத்துச் சிங்க்ரோட்ரான் நிலையத்தில் தோன்றியது. இந்தியாவையும் உறுப்பினராகக் கொண்ட ஐட்டர் அணுச்சேர்க்கைத் திட்டம் எபிக்ஸைத் தெரிந்தெடுத்தது. நாம் பங்குகொள்ளும் எஸ்.கே.ஏ. வானொலித் தொலைநோக்கித் திட்டம் டாங்கோவைத் தெரிந்தெடுத்தது.

அமைப்பைத் தெரிந்தெடுத்த பின்னும் தொல்லை தீர்வதில்லை. ஒரே கருவிக்கு எபிக்ஸிலேயே பல இயக்கிகள் உண்டு. நம் இளைஞர் முன் இருந்தவை இரண்டு. முதலாவது, வேறோர் ஆய்வகத்தார் அந்த மானிக்கெனவே எழுதி வெளியிட்டது. இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் பேணப்படும் ஸ்ட்ரீம் டிவைஸ். இதில் நிரல் எழுத வேண்டுவதில்லை. எச்சொல்லை அனுப்ப வேண்டும், எவ்வடிவில் விடை வரும் என்று சிறு கோப்பில் சில வரிகள் குறித்தால் போதும்.

தெரிந்தெடுக்குமுன் நான்கு சோதனைகள் செய்க என்றேன்.

முதலாவது, இயக்கி உயிரோடிருக்கிறதா என்று காண்க. சென்ற ஓராண்டில் எவரேனும் அதனைத் திருத்தினரா? பிழை சுட்டியவர்க்கு விடை கிடைத்ததா?

இரண்டாவது, உரிமத்தை மட்டும் படித்து நின்றுவிடாமல், அதன் அடியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க. எபிக்ஸில் ஓ.பி.சி. யு.ஏ. முறைக்கென எழுந்த இயக்கியின் மூலநிரல் திறந்தே இருந்தது. எனினும் தொடக்கத்தில் அது விலை கொடுத்து வாங்கும் நூலகம் ஒன்றின்மீது நின்றது. திறமூல நூலகத்தின்மீது இயங்கும் வழி பின்னரே சேர்க்கப்பட்டது. கூரை நமதாயினும் சுவர் பிறருடையதாக இருத்தல் கூடும்.

மூன்றாவது, மெதுவாகப் பேசும் ஒரு கருவி மற்றவற்றைக் காக்க வைக்கிறதா என்று நோக்குக. எபிக்ஸில் ஏசின் என்னும் அடித்தளம் இத்தகைய மெதுவான இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி இழை வகுத்து இக்குறையைத் தவிர்க்கிறது. ஸ்ட்ரீம் டிவைஸ் அதன்மேல் இயங்கவல்லது.

நான்காவது, எல்லாவற்றினும் தலையாயது: கருவி வேலை செய்துகொண்டிருக்கையில் கம்பியைப் பிடுங்கிப் பார்க்க. நல்ல துபாஷி “எனக்குக் கேட்கவில்லை” என்று உடனே சொல்வான். திரையில் அம்மதிப்பு செல்லாததெனக் குறிக்கப்படும். தீய துபாஷியோ நேற்றைய விலையையே இன்றும் சொல்லிக்கொண்டிருப்பான். வெற்றிடம் கெட்டபின்னும் திரையில் பழைய எண்ணே நின்றால், அதனை நம்பி உயர் மின்னழுத்தம் கொடுப்பவரின் கதி என்ன? ஆதலின், ஆபத்தைத் தடுக்கும் காவலை எந்த இயக்கியிடமும் ஒப்படைக்கலாகாது. மானியின் ரிலேயிலிருந்து நேரே கம்பி இழுத்தலே முறை.

“நானே எழுதினால் என்ன ஐயா?” என்று மீண்டும் கேட்டார். அதற்கு என் கதையையே விடையாகச் சொன்னேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓரிடத்தில் வெப்பநிலைக் கட்டுப்படுத்திக்கு ஓர் இயக்கியை நானே எழுதினேன். மிக நன்றாக ஓடிற்று, பெருமையும் கொண்டேன். விளக்கம் ஒரு வரியும் எழுதி வைக்காமல் வேலை மாறிச் சென்றேன். பின்னர்ப் புதிய கட்டுப்படுத்தி வந்தது. அது தன் விடையின் முடிவில் இரண்டு குறிகளை அனுப்பியது. பழையது ஒன்றையே அனுப்பியது. வேற்றுமை அவ்வளவே. அதனைக் கண்டறிய முடியாமல் எனக்குப் பின் வந்தவர் பல நாள் அல்லலுற்றார் என்று பிற்காலத்தில் கேள்வியுற்றேன். பிழை என்னுடையதே.

“தம்பி, நீங்கள் ஒப்பந்தப் பணியாளர். அடுத்த ஆண்டு அந்நாற்காலியில் அமர்பவர் யாரோ? அவர் படித்தறியக் கூடியது எதுவோ அதுவே நல்லது” என்றேன்.

வியாழக்கிழமை மாலை அவர் வீடு தேடி வந்தார். கம்பியைப் பிடுங்கிப் பார்த்தாராம். அம்மானிக்கெனவே எழுதப்பட்ட இயக்கி, கம்பி கழன்றிருந்த நேரமெல்லாம் பழைய எண்ணையே காட்டிற்று. ஸ்ட்ரீம் டிவைஸ் சில நொடிகளில் எச்சரித்தது. அதையே மேலதிகாரியிடம் கூறினாராம், அவரும் இசைந்தாராம். பழைய எண்ணைக் காட்டிய இயக்கியின் ஆசிரியருக்கும் குறையை மரியாதையோடு எழுதி அனுப்பியிருக்கிறார். பிறர் இலவசமாகத் தந்ததை எடுத்துக்கொள்பவர் திருப்பிச் செலுத்தக்கூடிய வட்டி அதுவேயன்றோ?

தாம் எழுதிய கோப்பையும் காட்டினார். இருபது வரிதான், ஒவ்வொரு வரிக்கும் அருகே விளக்கம் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் அதனை முதலிலிருந்து இறுதிவரை படித்தேன். ஓரிடத்திலும் அவரைக் கேட்க நேரவில்லை.