செங்கல்பட்டு ஆலைக்கு இன்னும் எத்தனை முறை ஏலம்?

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள தடுப்பூசி வளாகத்தை நடத்தத் தனியாரைத் தேடும் முடிவை மத்திய அரசு 2021-ல் கைவிடவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் விருப்பம் கேட்டார்கள், யாரும் வரவில்லை. மே மாதம் மறுபடி கேட்டார்கள், அப்போதும் வரவில்லை. மே 25-ம் தேதி தமிழக முதல்வர் நேரில் சென்று வளாகத்தைப் பார்வையிட்டார். மறுநாளே, மாநில அரசிடம் குத்தகைக்கு ஒப்படைக்குமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகும் டெல்லியிலிருந்து உருப்படியான பதில் வரவில்லை. எடுத்து நடத்த ஒரு மாநில அரசே முன்வந்து நின்றபோது, வராத தனியாருக்காகக் காத்திருந்ததைத் தாமதம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தே எடுக்கப்பட்ட தவறான முடிவு இது.

எச்.எல்.எல். பயோடெக் என்ற மத்திய பொதுத்துறை நிறுவனத்துக்காக 2012-ல் 594 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திட்டம் இது. 100 ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் இலக்கு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்ற அந்தஸ்து எல்லாம் இருந்தன. சுமார் 700 கோடி ரூபாய் செலவான பிறகு, மேற்கொண்டு தேவைப்பட்ட தொகை மட்டும் வரவில்லை. கொரோனா தடுப்பூசிக்கென 2021 பட்ஜெட்டில் 35,000 கோடி ரூபாய் ஒதுக்கியவர்களுக்கு, கட்டி முடித்த ஆலையை ஓடவைக்கச் சில நூறு கோடிக்கு மனம் வரவில்லை.

கொரோனா நெருக்கடியால்தான் இந்த ஆலை 2021-ல் செய்திகளில் அடிபட்டது. ஆனால் அது கட்டப்பட்டது குழந்தைகளுக்காக. பென்டாவேலன்ட், பிசிஜி, தட்டம்மை, ஹெபடைடிஸ்-பி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று, புதன்கிழமைதோறும் கிராம சுகாதார செவிலியர் குளிர்பெட்டியில் எடுத்து வரும் மருந்துகளில் பெரும்பாலானவை அங்கே தயாராகியிருக்க வேண்டும். பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் அந்தப் பெட்டி நிரம்ப வேண்டும். அதை யார் நிரப்புவது, என்ன விலைக்கு என்ற கேள்விக்கு அரசின் கையில் இருந்த பதில்களில் ஒன்று திருமணியில் பூட்டிக் கிடந்தது.

டெல்லியின் மேசைகளில் இப்படி நடப்பது முதல்முறையும் அல்ல. 2008 ஜனவரியில் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பிசிஜி ஆய்வகம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உற்பத்தி உரிமமும் ஒரே வீச்சில் நிறுத்தி வைக்கப்பட்டது. உற்பத்தித் தரம் போதவில்லை என்றார்கள். தரத்தை உயர்த்தப் பணம் கொடுத்திருக்க வேண்டியவர்களும் அவர்களே. முத்தடுப்பு ஊசிக்கும் பிசிஜிக்கும் நாடு பெரிதும் நம்பியிருந்த நிறுவனங்கள் அவை. தட்டுப்பாடு வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, விசாரணைக் குழு அமைந்தது, 2010-ல் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட காலத்தில் அரசின் கொள்முதல் தனியார் பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய மூன்றையும் முடக்கிய காலத்தில், புதிதாக வரும் என்று காட்டப்பட்ட இடம் இதே செங்கல்பட்டுதான்.

இன்னும் பின்னால் போனால் வேலூர் வரும். அங்கேதான் டெல்லியின் பிடிவாதத்துக்குக் குழந்தைகள் கொடுத்த விலை தெளிவாகத் தெரிகிறது. சிஎம்சி மருத்துவமனையின் குழந்தைகள் நல மருத்துவர் டி. ஜேக்கப் ஜான், 1967-ல் அங்கே வைரஸ் நோய்களைக் கண்டறியும் ஆய்வகத்தைத் தொடங்கினார். மேலை நாட்டுக் குழந்தைகளை மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து காப்பாற்றியது. அதே மூன்று தவணை போட்டும் இங்குள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு எதிர்ப்பு சக்தி வரவில்லை என்பதை அவர் ரத்தப் பரிசோதனையில் கண்டார். ஐந்து தவணை கொடுத்தும் ஆய்வு செய்து 1976-ல் வெளியிட்டார். ஒரு பகுதியின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்தால் நோய் அடங்கும் என்பதை வேலூரில் செய்து காட்டி, 1983-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். நாடு தழுவிய போலியோ முகாம் 1995-ல்தான் தொடங்கியது. நடுவில் கழிந்த 12 ஆண்டுகளில் நடக்க முடியாமல் போன பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

ஊசி வழியாகச் செலுத்தும் போலியோ தடுப்பு மருந்தும் தேவை என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். சொட்டு மருந்தே போதும் என்றார்கள். ஊசி மருந்தைத் தயாரிக்க 1989-ல் குர்கானில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனத்தை, ஒரு குப்பி கூட வெளிவரும் முன்பே கைகழுவினார்கள். உத்தரப் பிரதேசத்தில் பத்துத் தவணைக்கு மேல் சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கும் கால் சூம்பிப்போனது. 2009-ல் கூட நாட்டில் 741 பேருக்குப் போலியோ. 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானதே கடைசி.

அந்த ஊசி மருந்து 2015 நவம்பரில்தான் அரசின் தடுப்பூசி அட்டவணைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. சொந்த உற்பத்தியைக் கைவிட்ட நாடு என்ன செய்ய முடியும்? 2016-ல் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் அரை மில்லி டோஸை ஐந்தாகப் பங்கிட்டார்கள். ஆறு வாரக் குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, தோலின் மேலடுக்கில் 0.1 மில்லி மட்டும் இறங்குமாறு செவிலியர் ஊசியைக் கிடையாக நுழைக்க வேண்டும். சிறு கொப்புளம் எழுந்தால் சரியாகப் போட்டதாக அர்த்தம். கொஞ்சம் ஆழமாகப் போனால் அந்த டோஸ் வீண். பதினான்காவது வாரத்தில் மீண்டும் ஒருமுறை. இந்த முறை பலன் தந்தது. அதற்கான பெருமை முழுவதும் அந்தச் செவிலியர்களையே சேரும். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய முடிவுக்கு இன்று வரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

குர்கானில் கைவிட்டார்கள். கசௌலியிலும் குன்னூரிலும் கிண்டியிலும் நிறுத்தினார்கள். பிறகு திருமணியைக் கிடப்பில் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பணமில்லை, தரமில்லை, தனியார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஏதோ ஒரு காரணம். தனியார் பார்த்துக்கொண்ட லட்சணத்தை 2021 மே மாதம் முழுக்க நாடு பார்த்தது. ஒரே கொரோனா ஊசிக்கு மத்திய அரசுக்கு ஒரு விலை, மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைக்கு இன்னொரு விலை என்று போட்ட கணக்கை ஜூன் 7-ம் தேதி பிரதமரே மாற்றி அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு மாதத்தில் உயிரை இழந்தவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன்?

தமிழகம் கேட்பது சலுகை அல்ல. நிலம் தமிழகத்தில் இருக்கிறது, கட்டடம் நிற்கிறது, மக்கள் பணம் செலவாகிவிட்டது. மத்திய அரசு பணம் ஒதுக்கித் தானே நடத்தட்டும். முடியாவிட்டால் ஆலையின் கடன் சுமையை ஏற்றாமல் மாநிலத்திடம் கொடுக்கட்டும். எந்த வழியானாலும், குழந்தைகளுக்கான தடுப்பூசி பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களின் சொல்லுக்கு இடம் இருக்க வேண்டும். மூன்றாவது முறையாக ஏலம் என்ற அறிவிப்பை மட்டும் தமிழகம் ஏற்காது. கொடுக்க மனமில்லை என்றால், ஏன் கொடுக்க முடியாது என்பதை மத்திய சுகாதார அமைச்சகம் எழுத்தில் சொல்லட்டும்.