சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி, பிறகு ஒரு மெமோ

வார்டில் ஒரு மருந்து மாறிப்போனால் முதல் மெமோ யாருக்குப் போகுது? ஸ்டாஃப் நர்ஸுக்கு. இல்லைன்னா போஸ்டிங் வந்த நர்சிங் மாணவிக்கு. "கவனக்குறைவு"ன்னு ஒரே சொல்லில் ஃபைலை மூடிடறாங்க. அந்தச் சொல்லோடதான் எனக்குச் சண்டை. நர்சிங் படிக்கிற தம்பி, தங்கச்சிங்க பொறுமையா படிங்க. சக டாக்டர்கள் கோபப்படாம படிங்க.

முதல் வருஷத்திலேயே மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. ஆனா "சரியான அளவு"ன்னா என்ன? கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் எண்ணா, உடம்புக்குள்ள போன மருந்தா? இது ரெண்டும் வேறவேறயா இருக்க முடியும்ங்கிறதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்லை.

இன்சுலினையே எடுத்துக்குங்க. நம்ம ஊரில் குப்பியில் வரும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி.

நோயாளி வீட்டிலிருந்து கார்ட்ரிட்ஜ் கொண்டு வர்றார், பேனா ரிப்பேர். வார்டில் இருப்பது சிவப்பு மூடி மட்டும். ஆர்டர் 20 யூனிட். சிஸ்டர் கார்ட்ரிட்ஜில் ஊசியைக் குத்தி 20-ஆம் கோடு வரை இழுக்கிறார். அந்தக் கோடு அரை மில்லி. உள்ளே போனது 50 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி சர்க்கரை இறங்கினால் தூங்குறார்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. காலையில் விசாரணை. "20தான் சார் போட்டேன்"னு அந்தப் பொண்ணு அழும். அது பொய் இல்லை, சிரிஞ்சும் அப்படித்தான் காட்டுது.

தலைகீழா நடந்தா இன்னும் மோசம், ஏன்னா உடனே தெரியாது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். சர்க்கரை குறையாது. ரவுண்ட்ஸில் நாங்க டோஸை ஏத்துவோம். மறுநாளும் ஏத்துவோம். ஒருநாள் யாரோ சரியான சிரிஞ்சை எடுத்து வருவாங்க. ஏத்தின டோஸ் முழுசா உள்ளே போகும். அன்னைக்கு டூட்டியில் இருந்தவர்தான் குற்றவாளி! எல்லாத்தையும் சரியா செஞ்சவர் அவர் ஒருத்தர்தான்.

ஒரே நாட்டில் ரெண்டு அடர்த்தி எதுக்கு? பிரிட்டன் 1983-லேயே 100-க்கு மாறத் தொடங்கிடுச்சு. இங்கே சிரிஞ்ச் மூடியின் நிறத்தை நம்பி உயிரை வச்சிருக்கோம்.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. 10 மில்லி ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலென்ட். குளுக்கோஸ் பாட்டிலிலோ சலைனிலோ கலந்து மெதுவா ஏத்தணும். நேரா நரம்பில் தள்ளினால் இதயம் நின்னுடும். பார்வைக்கு டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும், பல வார்டுகளில் ரெண்டும் ஒரே ட்ரேயில்தான் கிடக்கும். அமெரிக்காவில் ஜாயிண்ட் கமிஷன் 1998-இல் வெளியிட்ட முதல் எச்சரிக்கையே இதைப் பற்றித்தான். நர்ஸ்களைக் கவனமா இருங்கன்னு திட்டுறதோட அது நிக்கலை. அடர்த்தியான பொட்டாசியத்தை வார்டிலிருந்தே எடுங்கன்னு சொன்னது. கையில் கிடைக்காத மருந்தை மாத்திப் போட முடியாதே.

இப்போ எங்க பக்கம் வர்றேன். 10-க்குப் பக்கத்தில் யூனிட்டுக்கு ஆங்கில 'யூ' எழுத்தை ஒட்டி எழுதினால் அது 100 மாதிரி தெரியும். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் ".5" எழுதினால் அது 5 ஆகும். 'யூனிட்' என்று முழுசா எழுத ரெண்டு நொடி ஆகுமா? ஃபோனில் ஆர்டர் சொல்லிட்டு, சிஸ்டர் திருப்பிக் கேட்டா எரிஞ்சு விழற டாக்டரும் அந்தத் தப்பில் பங்காளிதான்.

"அப்போ நர்ஸுக்குப் பொறுப்பே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. லேபிளைப் படிக்காமல் மருந்தை இழுத்தால் அது தப்புதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா ராத்திரி ஒரு வார்டு முழுக்க ஒரே ஆளை நிறுத்திட்டு, ஒரே மாதிரி ஆம்பியூலை ஒரே ட்ரேயில் வச்சுட்டு, கவனம் எங்கே போச்சுன்னு கேக்கறதுக்கு நமக்கு வாய் இருக்கக் கூடாது.

மாணவர்களுக்கு: குப்பியில் "ஒரு மில்லிக்கு எத்தனை"ன்னு படிச்ச பிறகே சிரிஞ்சை எடுங்க. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் மூணையும் இன்னொருத்தர் பார்க்காமல் போடாதீங்க. ஃபோன் ஆர்டரை எழுதி, திருப்பிப் படிச்சுக் காட்டுங்க. டாக்டர் திட்டினாலும் படிச்சுக் காட்டுங்க.

நாளைக்கு டூட்டிக்குப் போனதும் எமர்ஜென்சி ட்ரேயைத் திறந்து பாருங்க. பொட்டாசியம் தண்ணி ஆம்பியூல் பக்கத்தில் இருந்தா இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லி வேற இடத்துக்கு மாத்தச் சொல்லுங்க. ஃபோட்டோ எடுத்து இங்கே போட்டுடாதீங்க, அதுக்கும் மெமோ உங்களுக்குத்தான் வரும்.