திறந்து பார்க்கிற பொம்மை



"எங்க காலத்துல விளையாடாத விளையாட்டா?" என்று தாத்தா ஆரம்பித்தால் நாமெல்லாம் மெல்ல நழுவி விடுவோம். இப்போது பாருங்கள், பதினெட்டு வயது, மீசைகூட இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை, ஹாஸ்டலில் நாமே அப்படித்தான் பேசத் தொடங்கி விட்டோம்! ராத்திரி கரண்ட் போனால் போதும். கோலிக்குண்டு, பம்பரம், கிட்டிப்புள், நுங்கு வண்டி என்று ஆளாளுக்கு அவனவன் ஊர்க் கதையை எடுத்து விடுகிறான். கடைசியில் எல்லாரும் சொல்கிற தீர்ப்பு ஒன்றுதான்: "இப்ப உள்ள பிள்ளைகளுக்கு என்னடா தெரியும்? செல்போனைக் கையில குடுத்தா சோறு தண்ணி வேண்டாம்."

இந்தத் தீர்ப்பு சரிதானா? பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் குப்பை என்று ஒரே போடாகப் போட்டு விடலாமா? பட்டிமன்றம் என்றால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நாம் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள். எதையும் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எந்த அளவுகோலை வைத்து அளப்பது? என்னைக் கேட்டால், ஒரு விளையாட்டுச் சாமானின் வயதைப் பார்க்கக் கூடாது. அதைக் குழந்தை திறந்து பார்க்க முடியுமா, கெட்டால் தானே சரி செய்ய முடியுமா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

நுங்கு வண்டி சொல்லிக் கொடுத்த பாடம்

எங்கள் தாத்தா பனையேறி. கோடையில் நுங்கு வெட்டிப் போட்டால், தின்று முடித்த கூடுதான் எங்களுக்குச் சக்கரம். இரண்டு கூட்டையும் ஒரு குச்சியில் செருகி, நீளமான கவட்டைக் கம்பால் அந்தக் குச்சியைத் தள்ளிக் கொண்டு ஓடினால் நுங்கு வண்டி தயார். காசு செலவு பூஜ்யம்.

நாலு நாளில் நுங்குக் கூடு காய்ந்து சுருங்கும். ஓட்டை பெரிதாகும், சக்கரம் ஆடும். உடனே பழைய துணியைக் கிழித்து ஓட்டைக்குள் திணிப்போம். அதிகம் திணித்தால் கூடு பிளந்து விடும். குறைவாகத் திணித்தால் பாதி வழியில் கழன்று விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இறுக்கம் இருக்கிறதே, அதைக் கை கண்டுபிடித்து விடும். அதைத்தான் இங்கே "ஃபிட்" என்றும் "டாலரன்ஸ்" என்றும் போர்டில் எழுதிப் போடுகிறார்கள்!

இன்னொன்று. நேர் ரோட்டில் பிரமாதமாக ஓடுகிற நுங்கு வண்டி, சந்தில் திரும்பும்போது மட்டும் மக்கர் பண்ணும். ஒரு சக்கரம் இழுத்துக் கொண்டே வரும், புழுதியில் கோடு விழும். ஏன்? இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகி ஒன்றாகத்தான் சுற்றுகின்றன. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டும். முடியாது, ஆகவே ஒன்று தேய்கிறது. கார், லாரியில் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் "டிஃபரன்ஷியல்" இருக்கிறது. ஆட்டோமொபைல் வகுப்பில் அந்தப் படத்தை வரைந்தபோது எனக்குப் புழுதியில் விழுந்த கோடுதான் ஞாபகம் வந்தது. விடையை இப்போதுதான் படிக்கிறேன். கேள்வி எட்டு வயதிலேயே கைக்கு வந்து விட்டது.

பம்பரமும் அப்படித்தான். ஆணி நடுவில் இறங்காவிட்டால் பம்பரம் தலையை ஆட்டும், சாட்டையில் அபீட் எடுக்கவும் வசப்படாது. பிடுங்கி மறுபடி அடிப்போம். லேத்தில் நாலு தாடைச் சக்கில் வேலைப்பொருளை மாட்டி, டயல் கேஜ் வைத்து மையம் பார்க்கிறோமே, அது வேறு என்ன?

திருவிழாக் கடையில் "டப டப" என்று தண்ணீரில் ஓடும் தகரக் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மோட்டாரும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது. மெல்லிய தகடு வைத்த சின்ன டப்பா, அதிலிருந்து பின்னால் போகிற குழாய், அடியில் ஒரு சின்னத் திரி விளக்கு, அவ்வளவுதான். டப்பாவில் உள்ள தண்ணீர் ஆவியாகிக் குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் வெளித் தண்ணீர் உள்ளே ஏறும். மறுபடி சூடு, மறுபடி தள்ளல். தண்ணீர் வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தால் கப்பல் நின்ற இடத்திலேயேதானே ஆட வேண்டும்? ஆடாது. வெளியேறும் தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கிறது. உள்ளே வரும் தண்ணீர் நாலா பக்கமிருந்தும் வருகிறது. அந்த வித்தியாசம்தான் கப்பலை முன்னால் ஓட்டுகிறது. இந்தப் பொம்மைக்கு 1891ஆம் ஆண்டே தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் காப்புரிமை கேட்டிருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அதன் முன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் தெரியுமல்லவா? அது மரக் கடைசல் வேலை. சுற்றுகிற மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி நிறம் ஏறுகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எத்தனை தரம் தள்ளினாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம், அரைவட்ட அடிப்பாகத்தில் கனத்தை வைத்திருப்பது. இதையெல்லாம் செய்தவர்கள் யார்? டிகிரி வாங்கியவர்களா? இல்லை. கையால் படித்தவர்கள்!

ஆனாலும் பழையதெல்லாம் பொன்னல்ல

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் நுங்கு வண்டி ஓட்டியது கலாசாரத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல. கடை வண்டி வாங்கக் காசு இல்லாததால் ஓட்டினோம். எங்கள் அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். ரிமோட் கார் கேட்டு அழுதால், "அடுத்த வாரக் கூலி வரட்டும்ல" என்பார். அடுத்த வாரம் கூலி வரும், கார் வராது. இல்லாமையை "அந்தக் காலத்து இனிமை" என்று பெயர் மாற்றிப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. கிட்டிப்புள் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. பம்பர ஆணி காலில் இறங்கித் தையல் போட்டவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. கடைப் பொம்மைகளுக்காவது இப்போது ஒரு கட்டுப்பாடு வந்திருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாயில் வைத்துக் கடிக்கிற பிள்ளைக்கு என்ன சாயம் பூசியது என்று பார்த்துக் கொடுப்பது நல்லதுதானே?

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. தோழியர் மன்னிக்க வேண்டாம், கோபமே படலாம். அந்தக் காலத்தில் சக்கரம் ஆணுக்கு, சட்டி பானை பெண்ணுக்கு! எனக்கு டயர் கிடைத்தது. என் அக்காவுக்குச் சொப்புச் சாமான் கிடைத்தது. இத்தனைக்கும் தீப்பெட்டி டெலிபோனுக்கு நூலை விறைப்பாகக் கட்டி, பேச்சு தெளிவாகக் கேட்கும்படி செய்தது அவள்தான். நான் கட்டினால் நூல் தொய்ந்து ஒன்றும் கேட்காது. அந்தக் கைக்காரி பத்தாம் வகுப்போடு நின்று ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். நான் பாலிடெக்னிக் வந்தேன். எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் தோழியரை விரல் விட்டு எண்ணி விடலாம். அந்தப் பிரிவினை அட்மிஷன் படிவத்தில் ஆரம்பிக்கவில்லை, விளையாட்டுச் சாமானிலேயே ஆரம்பித்து விட்டது.

புதியதெல்லாம் குப்பையுமல்ல

சரி, இப்போதைய பொம்மைக்கு வருவோம். போன கோடை விடுமுறையில் எங்கள் அத்தை பேரனுக்குத் திருவிழாவில் பேட்டரி கார் வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஓடியது, காலையில் படுத்து விட்டது. புரட்டிப் பார்க்கிறேன், ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது! மூடியை அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். கெட்டால் தூக்கிப் போடு, வேறு வாங்கு என்பதுதான் அதன் அர்த்தம். கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். பேட்டரி கட்டையிலிருந்து மோட்டாருக்குப் போகிற வயர் விட்டுப் போயிருந்தது. எலக்ட்ரிக்கல் படிக்கிற நம் நண்பன் ஒருவன் சால்டரிங் வைத்துக் கொடுத்தான். கார் ஓடியது. மூடியைப் போட்டுக் கொடுத்தால் பையன் என்ன சொல்கிறான் தெரியுமா? "மூடாதீங்க மாமா, பல்லு சுத்துறத பாக்கணும்!" அன்றைக்கு முழுவதும் மூடி இல்லாமலேயே ஓட்டினான்.

செல்போன் பிள்ளை என்று நாம் கேலி செய்கிற அதே பிள்ளைதான் அவன். ஆசை அவனுக்கும் இருக்கிறது. நாம்தான் மூடி போட்டு வைத்திருக்கிறோம்.

டென்மார்க்கின் லெகோ கட்டைகளைப் பாருங்கள். 1958இல் வார்த்த கட்டை இன்றைக்கு வாங்கும் கட்டையோடு பொருந்துகிறது. என்ன துல்லியம்! விலைதான் நம் வீட்டு எல்லைக்கு வெளியே. ஹங்கேரியின் எர்னோ ரூபிக் 1974இல் செய்த கனசதுரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அழகான இயந்திரம். கம்ப்யூட்டர் விளையாட்டிலும் நல்லது உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி 2007இல் வெளிவந்த "ஸ்க்ராட்ச்" இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பிள்ளைகள் விளையாட்டைத் தாங்களே கட்டலாம், அடுத்தவர் கட்டியதைத் திறந்து மாற்றலாம். செல்போன் திரையில் விரலைத் தேய்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நம் நாட்டிலேயே கான்பூர் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் படித்த அரவிந்த் குப்தா இருக்கிறார். தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும் வைத்துப் பிள்ளைகளுக்கு வடிவ கணிதம் சொல்லிக் கொடுத்தவர். குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக் கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதலாண்டில் டவுன் பையன்கள் ரோபோ கிட் பற்றிப் பேசும்போது நாம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். நம்மிடம் எந்தக் கிட்டும் இருந்ததில்லை என்ற கூச்சம். கேம்பஸ் இன்டர்வியூ பயோடேட்டாவில் "ஹாபி" என்ற இடம் வந்தால் "ரீடிங் புக்ஸ்" என்று எழுதி வைப்போம். எந்தப் புத்தகம் என்று கேட்டால் போச்சு!

ஏன் அந்தக் கூச்சம், நண்பர்களே? "பம்பரம் செய்வேன், பழுதான பொம்மை சரி செய்வேன்" என்று எழுதினால் என்ன? ஏன் என்று கேட்டால் நுங்கு வண்டியிலிருந்து டிஃபரன்ஷியல் வரை சொல்ல நம்மிடம் சரக்கு இருக்கிறதே! அரத்தையும் ரம்பத்தையும் கையில் எடுத்த முதல் நாளே பலருக்குக் கை பழகியது போல் இருந்ததற்குக் காரணம் இந்த விளையாட்டுத்தான். நம் அப்பா, தாத்தா கைகளிலிருந்து நமக்கு வந்த சொத்து அது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, அடுத்த ஆண்டு விழாவில் சினிமா டான்ஸோடு சேர்த்து ஒரு பொம்மைக் கண்காட்சியும் வையுங்கள். நாமே செய்ததாக இருக்க வேண்டும், பிரித்துக் காட்டி எப்படி ஓடுகிறது என்று விளக்கவும் வேண்டும். இரண்டு, என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதோடு ஒரு நாள் கிராமத்துப் பள்ளியில் பொம்மை பழுது பார்க்கும் முகாம் நடத்துவோம். எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் என எல்லாத் துறையும் கை கொடுக்கலாம். பிள்ளைகள் கொண்டு வரும் உடைந்த காரை நாம் சரி செய்து கொடுப்பதைவிட, திறந்து காட்டி அவர்களையே சரி செய்ய வைப்போம். மூன்று, அந்த முகாமில் முதல் ஸ்க்ரூ டிரைவர் ஒரு பெண் பிள்ளை கையில் இருக்கட்டும்.

பழைய காலத்தைத் திரும்பக் கொண்டு வர யாராலும் முடியாது, வேண்டியதும் இல்லை. பொம்மையைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்து விடலாம். அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். வாருங்கள் நண்பர்களே, வரும் முகாமிலேயே ஆரம்பிப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை