ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும்

2013-இல் புதுடில்லியில் நடந்த இளையோர் உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியா நான்காம் இடம் பிடித்தது. அந்த ஆட்டக்காரர்கள் இன்று முப்பதை ஒட்டியவர்கள். ஆனால் 2000 சிட்னிக்குப் பிறகு நம் ஆடவர் குழு ஒலிம்பிக்கை எட்டவே இல்லை. இதற்குக் காரணங்கள் பல. எனக்கு உறுத்துவது, திறமையை நாம் எந்த வயதில், எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான்.

வயதுப் பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்தே பிரிக்கப்படுகின்றன. 12 வயதில் ஜனவரிப் பையனுக்கும் டிசம்பர்ப் பையனுக்கும் ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வித்தியாசம் உண்டு. உயரமும் வேகமும் அப்போது திறமைபோலத் தெரியும். கனடாவின் பனி ஹாக்கியில் இந்தச் சாய்வை ரோஜர் பார்ன்ஸ்லி 1985-லேயே சுட்டிக்காட்டினார். தேர்வானவருக்குச் செயற்கைத் திடலும் நல்ல பயிற்றுநரும் கிடைப்பதால் இடைவெளி மேலும் வளர்கிறது. லகாட்டில் புல் திடலோடு நின்றுவிடும் பையனை அப்புறம் யார் பார்ப்பார்?

நம் கோல் காவலர் எஸ். குமார் பிறந்தது 1979 நவம்பரில். 2018 உலகக் கிண்ணக் குழுவிலும் அவர் இருந்தார். ஒருவரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் சும்மா விட மனமில்லை.

நெதர்லாந்துக் காற்பந்துத் தேர்வாளர்களிடம் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சிறுவர்களின் சட்டை எண்களை வயது வரிசைப்படி கொடுத்து, அதைத் தேர்வாளர்களிடம் சொல்லியும் விட்டார்கள். மூத்தவர்களுக்கான சாய்வு மறைந்தது. ஈப்போவில் அடுத்த மாவட்டத் தேர்வில் இதைச் செய்து பார்க்க எண் போட்ட சட்டைகளும் பிறந்த தேதிப் பட்டியலும் போதும்.